குடியை விட்ட பொம்பளைங்களுக்கு தர்மபுரியில ஒரு எடம்: ஏழு மாசம் போய்ட்டு எழுதற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், எடத்தோட பேரு போட மாட்டேன். ஹோட்டலுக்கு எழுதற மாதிரி லொகேஷன் போட்டு போட்டோ போட்டு எழுத எனக்கும் ஆசை தான், ஆனா அங்க வர்ற பத்து பன்னெண்டு பேர்ல ஒருத்தங்க ஸ்கூல் டீச்சர், இன்னொரு பொண்ணு மாமியார்கிட்ட பிளவுஸ் கட்டிங் கத்துக்க போறேன்னு சொல்லிட்டு வருது, நான் பாட்டுக்கு பேரப் போட்டு நாளைக்கு யாராவது வாசல்ல நின்னு யார் யார் உள்ள போறாங்கன்னு பாத்தா என்ன ஆகும்? வாசல்ல இருக்கற போர்டுல கூட மகளிர் பயிற்சின்னு தான் இருக்கு, குடின்னு ஒரு எழுத்து கிடையாது. நிஜமா தேவைப்படறவங்க ஜிஹெச்ல, அதான் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில, மனநல ஓபில கேளுங்க, எனக்கு அங்க தான் சொன்னாங்க. ஓபிக்கு போகவே கூச்சமா இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்டோட மனநல உதவி நம்பர், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. போதைக்குன்னே 14446-னு இன்னொரு நம்பரும் இருக்கு.

என்னப் பத்தி கொஞ்சம். வயசு 41. எங்க மூத்தாரோட புளி மண்டியில கணக்கு எழுதிட்டு இருந்தேன். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு தெரியும், சீசன் வந்துட்டா வீட்டுக்கு வீடு புளி தட்டறதும் கொட்டை எடுக்கறதும் தான், நாள் பூரா குந்தி உக்காந்து தோள்பட்டையும் இடுப்பும் விட்டுப் போயிடும், அதுல சில அக்காங்க ராத்திரி ஒரு கட்டிங் போட்டுட்டு தான் படுப்பாங்க, அத யாரும் பெருசா பேச மாட்டாங்க. நான் கூலிக்கு போனவ இல்ல, சேர்ல உக்காந்து நோட்டு எழுதினவ, எனக்கு ஆரம்பிச்சது கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்கு அப்புறம், தூக்கமே வராம. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜுல வெச்சிருந்த மீதி தான் மொதல்ல. அப்புறம் ஆட்டோக்கார பையன்கிட்ட குவாட்டருக்கு மேல 20 ரூபா சேத்து குடுத்து வாங்கினேன், டாஸ்மாக்ல நாம போய் நிக்க முடியாதே. ரெண்டு வருஷத்துல காலைல கை நடுங்காம பேனா புடிக்க முடியாதுங்கற நெலம.

ஒரு நாள் கல்லாவுல 1,800 ரூபா கொறஞ்சுது. சத்தியமா நான் எடுக்கல, அடுத்த வாரம் எங்க போச்சுன்னும் தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள கல்லாப் பெட்டி சாவிய என் இடுப்புல இருந்து எல்லார் முன்னாடியும் வாங்கிட்டாங்க. பணம் கெடைச்சப்புறமும் சாவி திரும்பி வரல. இத எதுக்கு சொல்றேன்னா பின்னாடி வரும்.

இந்த எடத்துக்கு முன்னாடி வேற ஒரு சென்டர்ல 45 நாள் இருந்தேன், வேற மாவட்டம், பேரு வேண்டாம். போன உடனே போன வாங்கிட்டாங்க, சரின்னு விட்டேன். போட்டிருந்த பொடவைய வாங்கிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி நைட்டி. பேன் இருக்குன்னு சொல்லி முடிய கழுத்து வரைக்கும் வெட்டினாங்க, எனக்கு பேனே இல்ல. நாப்கின் வேணும்னா ஆம்பள வார்டன்கிட்ட போய் நிக்கணும். ஒருத்தங்களுக்கும் பேரு கெடையாது, குடிகாரி நம்பர் இத்தனைன்னு தான் கூப்புடுவாங்க, அப்படி கூப்டா தான் புத்தி வருமாம். எனக்கு வந்த புத்தி வெளிய வந்த ஒம்போதாவது நாள் மறுபடி குடிச்சது தான். குடிக்கும்போது என்ன நெனச்சேன்னு இன்னும் ஞாபகம் இருக்கு, எப்படியும் நான் குடிகாரி தானே, குடிகாரி குடிக்காம என்ன பண்ணுவா.

ரொம்ப நாள் கழிச்சு இந்த எடத்துல தான் கவுன்சிலர் மேடம் சொல்லி எனக்கு தெரியும், 2017 மனநல பராமரிப்புச் சட்டம்னு ஒன்னு இருக்கு, குடி, போதையால வர்ற பாதிப்பும் அதுக்குள்ள தான் வருது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது, இஷ்டப்பட்டா சொந்த துணிய போட்டுக்கலாம், மாதவிடாய்க்கு தேவையானத அவங்களே குடுக்கணும், கட்டாய வேலை வாங்கக் கூடாது, வேலை செஞ்சா கூலி குடுக்கணும், மூணு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைய சாதாரணமா தாய்கிட்ட இருந்து பிரிக்கக் கூடாது, இதெல்லாம் அதுல எழுதியே இருக்கு. எனக்கு அன்னைக்கு கோவத்துல அழுகையே வந்துடுச்சு. எங்கயாவது அட்மிஷன் போடறதுக்கு முன்னாடி இத கேளுங்க, கேட்டா மொறைக்கற எடமா இருந்தா திரும்பி வந்துடுங்க.

சரி, இந்த எடத்துக்கு வர்றேன். இங்க படுக்கை கெடையாது. செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு மணி நேரம் குரூப், வேணும்னா தனியா கவுன்சிலிங், அவ்ளோ தான். எனக்கு புடிச்ச மொத விஷயம், நான் போன அன்னைக்கு என்ன உள்ளயே சேக்கல. கைய நீட்ட சொன்னாங்க, நடுக்கத்த பாத்தாங்க, கடைசியா எப்ப குடிச்சீங்கன்னு கேட்டாங்க, மொதல்ல ஜிஹெச்சுக்கு போய்ட்டு வாங்கன்னு ஒரு அக்காவ கூடவே அனுப்பினாங்க. டெய்லி குடிக்கறவங்க டபக்குன்னு நிறுத்தினா மொத ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆள் தெரியாம பொலம்பற நெலமையும் சில பேருக்கு வரும், அதுல உயிரே போகலாம். சாமிக்கு மாலை போட்டு நிறுத்தறேன், கயிறு கட்டி நிறுத்தறேன்னு வீட்லயே படுத்துக்கற நம்ம ஊர்க்காரங்க இத ஒரு தடவ படிச்சுக்கோங்க, மாலை போடுங்க, அதுக்கு முன்னாடி டாக்டர பாருங்க. எனக்கு அங்க பி1 விட்டமின் ஊசி போட்டு மாத்திரை குடுத்து படிப்படியா கொறச்சாங்க. பொம்பளைங்களுக்கு ஒடம்புல தண்ணி அளவு கம்மி, வயித்துல சரக்க ஒடைக்கற நொதியும் கம்மி, அதனால வீட்டுக்காரரும் நானும் ஒரே அளவு குடிச்சாலும் எனக்கு தான் ஏத்தமும் ஈரல் கெடறதும் சீக்கிரம்னு அந்த டாக்டரம்மா படம் போட்டு சொன்னாங்க. திட்டாம சொன்னாங்க, அதான் முக்கியம்.

குரூப் எப்படி இருக்கும்னா, பாய் விரிச்சு வட்டமா உக்காருவோம், பாக்கறவங்களுக்கு சுய உதவிக் குழு மாதிரியே இருக்கும். தமிழ்நாட்டுல சுய உதவிக் குழு ஆரம்பிச்சதே 1989-ல நம்ம தர்மபுரில தானே, அதனால இந்த ஊர்ல பத்து பொம்பளைங்க வட்டமா உக்காந்தா எவனும் திரும்பி கூட பாக்க மாட்டான், அதுவே ஒரு பாதுகாப்பு. மொத ரூல், "குடிகாரி"ங்கற வார்த்தை உள்ள கெடையாது, தன்னையே சொல்லிக்கிட்டாலும் நிறுத்திடுவாங்க. ரெண்டாவது, புருஷன பத்தி பேசலாம் ஆனா பேச்சு பூரா புருஷனாவே இருக்கக் கூடாது. இந்த ரெண்டாவது ரூல் எவ்ளோ கஷ்டம்னு உக்காந்து பாத்தா தான் தெரியும், மொத மாசம் எங்களுக்கு வாய தொறந்தா அந்த ஆளு தான்.

இந்த முறைய எங்க இருந்து எடுத்தாங்கன்னு கேட்டேன். அமெரிக்காவுல ஜீன் கிர்க்பாட்ரிக்னு ஒரு அம்மா, சமூகவியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க, அவங்களே குடியில மாட்டி மீண்டவங்க, 1975-ல பொம்பளைங்களுக்குன்னே தனியா ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்களாம், 13 வாசகம் வெச்சு. ஏஏ, அதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனக்கறவங்க ஒன்னா கூடி பேசற மீட்டிங், 1935-ல இருந்து நடக்குது, அதுல மொத படியே மதுவுக்கு முன்னாடி நமக்கு சக்தி இல்லன்னு ஒத்துக்கறது. ஆம்பளைக்கு அது தேவையா இருக்கலாம், நான் தான் ராஜான்னு சுத்தறவனுக்கு கொஞ்சம் எறங்கி வரணும். எனக்கு சக்தி இல்லன்னு 40 வருஷமா வீட்ல சொல்லிட்டு தான் இருக்காங்க, அத புதுசா ஒத்துக்கறதுக்கு நான் பஸ் ஏறி வரணுமா? இப்படி நான் சொன்னப்போ பாலக்கோடு பக்கத்துல இருந்து வர்ற ஒரு அக்கா சண்டைக்கே வந்துட்டாங்க, ஏஏ இல்லன்னா நான் செத்திருப்பேன்டி, தெரியாம பேசாதன்னு. அவங்களுக்கு அது, எனக்கு இது. மேடம் ரெண்டு பேர் பக்கமும் சாயாம டீ வெக்க போய்ட்டாங்க.

நம்ம ஊர் கதையும் ஒன்னு சொன்னாங்க. சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா, வீட்டுக்காரர் குடியால எறந்து போனப்புறம் 1980-ல சிகிச்சை மையம் ஆரம்பிச்சு, 1992-ல பத்மஸ்ரீ வாங்கினவங்க. குடியால நொந்த பொம்பளைய பத்தி எல்லாருக்கும் கதை தெரியுது, குடிச்சு நொந்த பொம்பளைக்கு தான் கதையே இல்லன்னு அந்த டீச்சர் ஒரு வார்த்தை சொன்னாங்க, எல்லாரும் கொஞ்ச நேரம் பேசல. 2019-ல வந்த எய்ம்ஸ் சர்வேல இந்தியாவுல குடிக்கற ஆம்பளைங்க நூத்துக்கு 27.3, பொம்பளைங்க 1.6-ன்னு இருக்காம். கம்மி தான். அந்த கம்மியே தான் எங்களுக்கு தொல்லை, எங்க போனாலும் நீ ஒருத்தி தான் இப்படிங்கற மாதிரியே பாப்பாங்க.

மூணாவது வாரம் பேரு பத்தி ஒரு செஷன். உங்க பேர யாரு வெச்சாங்க, ஏன் வெச்சாங்கன்னு சொல்லணும். என் பேர முழுசா எழுத மாட்டேன், 'போதும்'னு ஆரம்பிக்கும், மிச்சத்த நம்ம பக்கத்து ஜனங்க நீங்களே போட்டுக்குவீங்க. நான் மூணாவது பொண்ணு. வேண்டாம்னு நெனக்கற பொண்ணு கொழந்தைய கவர்மெண்ட் தொட்டில்ல விட்டுட்டு போற தொட்டில் குழந்தை திட்டம் 1992-ல சேலத்துல ஆரம்பிச்சு 2001-ல தான் நம்ம மாவட்டத்துக்கு வந்துச்சு, நான் பொறந்தப்போ அந்த தொட்டிலும் இல்ல, ஏதோ ஆத்தா மனசு வெச்சதால இருக்கேன். வட்டத்துல பாத்தா என்ன மாதிரியே பேரு இன்னொரு அக்காவுக்கு, 'வேண்டா'ன்னு ஆரம்பிக்கும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்தவே முடியல, வயிறு வலிக்க சிரிச்சோம், அப்புறம் அந்தக்கா அழுதாங்க. சுயமதிப்பு சுயமதிப்புன்னு அந்த சார்ட்டுல எழுதி ஒட்டியிருக்காங்களே, அது குடியால போச்சுன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், அன்னைக்கு தான் யோசிச்சேன், குடிக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு அது?

இங்க ஒரு காமெடி நடந்துச்சு. சேரும்போது பத்து கேள்வி பேப்பர் ஒன்னு தருவாங்க, ரோசன்பெர்க்னு ஒருத்தர் 1965-ல போட்டதாம், உலகம் பூரா இத தான் குடுக்கறாங்களாம், நம்மள நாமளே எவ்ளோ மதிக்கறோம்னு பாக்க. 30-க்கு மார்க். தமிழ் மொழிபெயர்ப்பு மகா மோசம், படிச்சா நோட்டீஸ் மாதிரி இருக்கு, புதுசா வந்த அக்காங்களுக்கு நான் தான் இப்ப பக்கத்துல உக்காந்து பேச்சுத் தமிழ்ல சொல்றேன். எனக்கு போட்ட மார்க் 20. மேடத்தோட உதவிக்கு வந்த காலேஜ் பொண்ணு, அக்கா நல்லா இருக்கீங்களேன்னுச்சு. எனக்கு ஒதைச்சுது. நான் எதுக்கும் ஒதவாதவங்கற மாதிரி அஞ்சு கேள்விக்கும் முழுசா ஆமான்னு போட்டிருக்கேன், எப்படி 20 வரும்? பேப்பர வாங்கி பாத்தா, அஞ்சு கேள்வி நேரா இருக்கு, அஞ்சு கேள்வி தலைகீழா இருக்கு, தலைகீழ் கேள்விக்கு மார்க்கையும் திருப்பி போடணும், அந்த பொண்ணு திருப்பாம அப்படியே கூட்டியிருக்கு. திருப்பி கூட்டினா 5. இருபது வருஷம் பேரேடு எழுதினவகிட்ட கூட்டல் தப்பு நடக்குமா! மேடம் அன்னைக்கு எங்கிட்ட கேட்டாங்க, மதிப்பே இல்லாதவ எப்படிங்க இந்த தப்ப கண்டுபுடிச்சீங்கன்னு. எனக்கு பதில் வரல, ஆனா அன்னைக்கு வீட்டுக்கு போற வரைக்கும் பஸ்ல அதையே நெனச்சிட்டு போனேன். போன மாசம் மறுபடி எழுதினேன், 17, நானே கூட்டி பாத்தேன், சரியா தான் இருக்கு.

அந்த கூட்டல் தப்ப கண்டுபுடிச்ச அடுத்த வாரம் தான் சாவி. டீ, பிஸ்கட்டுக்கு ஆளுக்கு 10 ரூபா போடுவோம், அதுக்கு ஒரு தகர பெட்டி, சின்ன பூட்டு. மேடம் குரூப் முடிஞ்சு செருப்பு போடும்போது, இந்த மாசத்துல இருந்து பெட்டிய நீங்க பாத்துக்கறீங்களான்னு சாவிய நீட்டினாங்க. உள்ள எவ்ளோ இருக்குன்னு எண்ணி பாத்து குடுங்க மேடம்னேன். நீங்களே எண்ணிக்கோங்க, எனக்கு நேரம் இல்லன்னு சொல்லிட்டு வண்டி எடுத்துட்டு போய்ட்டாங்க. 640 ரூபா இருந்துச்சு. மூணு தடவ எண்ணினேன். நோட்டு ஒன்னு வாங்கி வரவு செலவு கோடு போட்டு எழுதினேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு ரூபா இடிக்கல. யாரும் சபாஷ்னு சொல்லல, நல்ல வேளை, சொல்லியிருந்தா சின்ன புள்ளைக்கு சொல்ற மாதிரி இருந்திருக்கும்.

ரெண்டாவது மாசம் ஒரு சாவு வீட்டுக்கு போய்ட்டு வந்து குடிச்சிட்டேன். பழைய சென்டர்ல மறுபடி குடிச்சவங்கள எல்லார் முன்னாடியும் முட்டி போட வெப்பாங்க, அந்த பயத்துல வெள்ளிக்கிழமை போகல, பெட்டி சாவி வேற எங்கிட்ட. அந்த வேண்டா அக்கா தான் போன் பண்ணினாங்க, வாடி டீத்தூள் இல்ல, பெட்டிய தொறக்கணும்னு. போனேன். டீ குடிச்சோம். எத்தன மணிக்கு, யார் கூட இருந்தப்போ, அதுக்கு முன்னாடி சாப்டீங்களா இல்லையான்னு மட்டும் மேடம் கேட்டு எழுதினாங்க. சாவிய திருப்பி கேக்கவே இல்ல. அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் நூத்தி நாப்பத்தெட்டு நாள்.

இன்னொரு நல்ல செஷன், உங்க ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு? பன்னெண்டு பேர்ல எட்டு பேருக்கு புருஷன்கிட்ட இல்லன்னா மகன்கிட்ட. உரிமைத் தொகை 1,000 ரூபா உங்க பேர்ல ஏறுது, அதுக்கு விண்ணப்ப முகாம ஆரம்பிச்சு வெச்சதே 2023 ஜூலைல நம்ம தொப்பூர்ல தான், பேரு உங்க பேரு, எடுக்கறது யாருன்னு மேடம் கேட்டாங்க. கார்ட கேட்டு வாங்கிட்டு வாங்கன்னு ஹோம்வொர்க். கையில காசு வந்தா குடிக்க போய்டுவாளேன்னு வீட்ல பயப்படறதும் நியாயம் தானே, அதையும் பேசினோம், பக்கத்துல ஒருத்தர வெச்சுக்கிட்டு எடுக்கறது, எடுத்த அன்னைக்கே மளிகை வாங்கிடறது, இப்படி. நாலு பேரு வாங்கிட்டாங்க. ஒரு பொண்ணுக்கு அடி விழுந்துச்சு, 181-க்கு, அதான் பெண்கள் உதவி நம்பருக்கு, போன் பண்ணி அது தனி கதையா போகுது, அத இங்க எழுத எனக்கு உரிமை இல்ல.

இப்ப கொறைங்க. தையல். பொம்பளைன்னா உடனே தையல் மிஷின தூக்கி முன்னாடி வெச்சிடறாங்க, எனக்கு ஊசில நூல் கோக்கவே புடிக்காது, கம்ப்யூட்டர்ல கணக்கு சொல்லிக் குடுங்கன்னு நாலு தடவ கேட்டுட்டேன், பாக்கலாம்னே இருக்காங்க. கண்ணாடி முன்னாடி நின்னு என்னை எனக்கு புடிக்கும்னு சொல்ற பயிற்சி ஒன்னு இருக்கு, எனக்கு கூச்சமா, பொய்யா இருந்துச்சு, வேண்டாம்னேன், கட்டாயப்படுத்தல, ஆனா சில பேருக்கு அது ஒதவுதுங்கறாங்க, சரி. புள்ளைங்கள பாத்துக்க ஆளே கெடையாது, கைக்குழந்தைய வெச்சிட்டு வந்த ஒரு பொண்ணு ரெண்டு வாரத்துல நின்னுடுச்சு, இத நான் பெரிய கொறைன்னு தான் சொல்வேன், சட்டம் பேசற எடம் ஒரு தொட்டில் கட்ட மாட்டீங்களா? நேரம் மதியம் 2 டு 4, கூலி வேலைக்கு போறவங்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. பாத்ரூம் தாழ்ப்பாள் மூணு மாசமா சரி பண்ணல, ஒருத்தி உள்ள போனா ஒருத்தி காவல்.

குரூப்புக்கு பீஸ் கெடையாது. தனி கவுன்சிலிங் 150 ரூபா, இல்லன்னா விட்டுடறாங்க, மொகத்த சுளிக்கறது இல்ல. பஸ்ஸுக்கும் காசு ஆகாது, இலவச டவுன் பஸ் இருக்கு, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருந்து வர்றவங்க எது அந்த பஸ்னு மட்டும் பாத்து ஏறுங்க. வீட்ல பூட்டி வெச்சு இழுத்துட்டு வர்றவங்களுக்கு இந்த எடம் ஒத்து வராது, தானா வரணும், புருஷன் வெளிய ஒக்கார சேர் கூட கெடையாது, வேணும்னே போடலன்னு நெனக்கறேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். தொட்டில் கட்டட்டும், மிச்ச ஒன்னையும் குடுத்துடறேன்.

மொத தடவ வர்றவங்களுக்கு: சொந்தமா ஒரு டம்ளர் கொண்டு வாங்க, அங்க இருக்கற எட்டு டம்ளருக்கு சண்டை. டீ காசு 10 ரூபா சில்லறையா வெச்சுக்கோங்க, 500 ரூபா நோட்ட நீட்டினா எங்கிட்ட சேஞ்ச் இருக்காது, கடன் எழுதற பழக்கமும் என் நோட்டுல கெடையாது.